பூனை பிறாண்டியதற்கு டிடி ஊசி போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை முந்தாநாள் என் 9 வயது மகளின் கையைப் பிறாண்டிவிட்டது. லேசாக ரத்தம் வந்தது. மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார். கிளினிக்கில் டிடி ஊசியும் போட்டாயிற்று. பூனை ராத்திரியில் வெளியே சுற்றும், தடுப்பூசி போட்டதில்லை. வீட்டில் வளர்வதுதானே, இது போதாதா?

பதில்: போதாதும்மா. டிடி ஊசி டெட்டனஸுக்கு, அதாவது ரண ஜன்னிக்கு. பூனை பிறாண்டினால் பயப்பட வேண்டியது வெறிநோய்க்கு, அதாவது ரேபிஸுக்கு. அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. 'அதான் ஊசி போட்டாச்சே' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இதைப் படித்ததும் அந்த மஞ்சளைக் கழுவி எடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சாதாரண சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, கழுவுங்கள். அப்புறம் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாளாகும், அதுவரை காவல் இந்த இம்யூனோகுளோபுலின்தான். தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என நான்கு நாள் போக வேண்டும், முதல் ஊசி போடும் நாள்தான் 0. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது, குழந்தையைப் பயமுறுத்தாதீர்கள்.

வீட்டுப் பூனைதான், சரி. ஆனால் ராத்திரி எந்த நாயிடம் கடி வாங்கியது என்று யாருக்குத் தெரியும்? பூனை பாதத்தை நக்கிக்கொண்டே இருக்குமல்லவா, எச்சில் நகத்திலும் ஒட்டியிருக்கும். நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

பூனையைத் துரத்திவிடாதீர்கள். பிறாண்டிய நாளிலிருந்து 10 நாள் அடைத்துவைத்துச் சாப்பாடு போட்டுக் கவனியுங்கள். கட்டிலுக்கடியில் பதுங்குவது, குரல் மாறுவது, எச்சில் வழிவது, காரணமில்லாமல் பாய்வது என்று ஏதாவது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வதென்று டாக்டர் சொல்வார். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

அது முடிந்ததும் பூனைக்கும் தடுப்பூசி போட்டு, வருடா வருடம் தொடருங்கள். நாயோ பூனையோ, குட்டிக்கு 3 மாதம் ஆனதுமே ஆரம்பித்திருக்க வேண்டியது இது.