ரேடியோ கேட்ட காவல்காரர்

கேள்வி: ஜனநாயக அமைப்புகளைச் சர்வாதிகாரம் மெல்ல மெல்ல அரித்துவிடாமல் காக்க, குடிமக்கள் எப்படி விழிப்புடன் இருக்க வேண்டும்? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: 'விழிப்புடன்' என்கிறீர்கள். கோத்தகிரிக் குளிரில் கம்பளிக்குள் உட்கார்ந்து அந்தச் சொல்லை எழுதவே ஒரு துணிச்சல் வேண்டும். வாழ்க.

கேத்திப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த ஒருவர் கேரட் தோட்டத்துக்குக் காவல் இருந்தார். காட்டுப்பன்றி இறங்காமல் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், அதுதான் வேலை. மனிதர் ஒரு நொடிகூடக் கண் அயரவில்லை. குடிசையில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து, டெல்லிச் செய்தி முதல் உலகச் செய்தி வரை ஒன்று விடாமல் கேட்டார். பன்றிகள் ஓடைப் பக்கமாக வந்து நான்கு பாத்தியைக் கிளறிவிட்டுப் போய்விட்டன. "தூங்கவே இல்லை ஐயா" என்றார் காலையில். உண்மைதான், கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மறுநாளும் அதே கதை. ரேடியோ ஒலிக்கும் இடத்தில்தான் காவல்காரர் இருக்கிறார் என்பதைப் பன்றிகள் இரண்டே இரவில் கற்றுக்கொண்டன. மூன்றாம் நாள் முதலாளி ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிரவு நம்மவர் நிம்மதியாகத் தூங்கினார்.

நீங்கள் இரவு ஒன்பது மணித் தொலைக்காட்சி விவாதத்தைத் தவறவிடாதவர் என்பது உங்கள் கடிதத்தின் மற்ற மூன்று பக்கங்களில் தெரிகிறது. ஆகவே ஓடைப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன்.

1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 21 மாதம் நீடித்தது. இன்றும் ஜூன் 25 வந்தால் தலையங்கம் எழுதுகிறோம், நான் உட்பட. உதகை நகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக, மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர் ஆண்டார். யாரும் சிறைக்குப் போகவில்லை, எந்தப் பத்திரிகையும் தணிக்கை செய்யப்படவில்லை. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்று நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது நியாயமான தொடக்கம். அதன்பிறகு வார்டு வரையறை, வழக்கு, மறுவழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையான காரணம் இருந்தது. உங்கள் 'மெல்ல மெல்ல' இதுதான் ஐயா. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-இல் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர். இடையில் ஆட்சி மாறியிருந்தது, வழக்கம் மாறவில்லை. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். இதைச் சொன்னால் இரண்டு கட்சி நண்பர்களும் என்னை மற்றக் கட்சிக்காரன் என்கிறார்கள். பழகிவிட்டது.

கொடைக்கானல்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். (நீலகிரிக்காரனாக இருந்துகொண்டு இதை எழுதக் கை கூசுகிறது.) 1990-களில் அங்கே ஓர் ஓட்டல் விதியை மீறி உயர்ந்தபோது, பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. மாடிகளை எண்ணினார்கள், நீதிமன்றம் போனார்கள். அரசு கொடுத்திருந்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் 1995-இல் ரத்து செய்தது.

எனக்கு எண்ண மாடி இல்லை, ஒரு தீர்மான நோட்டுதான் இருந்தது. ஓர் அக்டோபர் 2 அன்று கிராம சபைக்குப் போனேன். நல்ல மழை, தகரக் கூரை, பேசுவது எதுவும் கேட்கவில்லை. போனதும் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது.

"தீர்மானம் எங்கே?"

"எழுதிக்கொள்கிறோம் ஐயா, நீங்கள் போடுங்கள்."

எழுதுங்கள், போடுகிறேன் என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. பின்வரிசையில் பஸ்ஸைத் தவறவிட்ட இருவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தேநீர் எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். இப்போதெல்லாம் நான் நுழையும்போதே தீர்மானங்கள் எழுதித் தயாராக இருக்கின்றன. நான் போகாத நாள்களில் எப்படி என்று தெரியவில்லை. கோத்தகிரி வட்டாரத்தில் அடுத்த கிராம சபை நடக்கும்போது நீங்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள். மூன்று பக்கம் வேண்டாம், ஒரு அஞ்சலட்டை போதும்.