குட்டை விரல் குடும்ப வழியாக வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: என் கட்டைவிரல் நுனி அகலமாக, குட்டையாக இருக்கும். அம்மாவுக்கும் அப்படியே. நோயா?

பதில்: இல்லை. நுனி எலும்பு மட்டும் சிறுத்துப்போன டி வகைக் குறுவிரல் இது. பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலும் இதோடு வேறு தொல்லை வருவதில்லை.

கேள்வி: பிள்ளைக்கும் வருமா?

பதில்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மரபணு வந்தாலே போதும் என்பதை ஓங்கு மரபு என்பார்கள். மனிதரில் அதை முதலில் காட்டியதே ஒரு குறுவிரல் குடும்பத்தை வைத்துத்தான்; 1903-ல் ஃபாராபீ என்ற அமெரிக்க மானிடவியலாளர் காட்டினார்.

கேள்வி: அப்பா, சித்தப்பா இருவருக்கும் விரல்கள் குட்டை, சின்ன வயதிலேயே பிரஷர். தாத்தா 45 வயதில் பக்கவாதத்தில் போய்விட்டார். சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 1973-ல் துருக்கியில் ஒரு குடும்பத்தில் இதே ஜோடியைப் பார்த்து எழுதினார்கள்: குட்டை விரலும் கடுமையான ரத்த அழுத்தமும். காரணம் பிடிஇ3ஏ என்ற மரபணு என்பது 2015-ல் தெரிந்தது. அழுத்தம் குழந்தைப் பருவத்திலேயே ஏறத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் 50 வயதுக்குள் பக்கவாதம் வந்துவிடுகிறது. ஆனால் மாத்திரைக்கு அழுத்தம் இறங்கும், அதுதான் முக்கியம். வீட்டில் யார் யாருக்கு விரல் குட்டையோ, பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் பிரஷர் பாருங்கள். டாக்டரிடம் விரலையும் காட்டுங்கள். பிரஷருக்கு மாத்திரை எழுதும்போது கையை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: மகள் கையை மூடினால் நாலாவது விரலின் முட்டி தெரியவில்லை, அங்கே குழி விழுகிறது.

பதில்: அந்த விரலுக்கு அடியில், உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்பு குட்டையாக இருக்கும். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். சிலருக்கு அது வெறும் குட்டை எலும்புதான். மகள் உயரமும் குறைவா? வயதுக்கு வருவது தாமதமா? அப்படியானால் டர்னர் நிலை (பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பாதியாகவோ இல்லாதது) இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை வேண்டும். உறுதியானால் இதயத்தையும் பார்க்க வேண்டும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, தசை இழுப்பு, வலிப்பு இருந்தால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பாருங்கள். இந்த ஹார்மோன் சுரந்தும் உடல் அதற்கு மசியாத நிலை ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு தாய்வழி வந்தால் கால்சியம் குறையும். தந்தைவழி வந்தால் பெரும்பாலும் எலும்பு மாற்றத்தோடு நின்றுவிடும். கால்சியம் பார்க்காமலே வலிப்பு மருந்து மட்டும் கொடுத்துவருவதைக் கண்டால் மனம் பொறுக்காது.

கேள்வி: ஆபரேஷன்?

பதில்: கை நன்றாக வேலை செய்தால் வேண்டாம். குட்டைக் கால்விரல் மேலேறி நின்று செருப்பில் உரசி வலித்தால் எலும்பை நீட்டலாம். அப்புறம் ஆற மாதக்கணக்காகும்.