வாசகர் கேள்வி – பதில்: பொய் அழைப்பு, நிஜத் தோட்டா

கேள்வி: அமெரிக்காவில் ‘ஸ்வாட்டிங்’ என்ற பொய் அழைப்பால் ஒருவர் உயிரே போனதாமே?

பதில்: கொலை, பிணைக்கைதி என்று புளுகி, ஆயுதப் போலீஸை இன்னொருவர் வீட்டு வாசலுக்கு வரவழைப்பதுதான் ஸ்வாட்டிங். 2017 டிசம்பர் 28 அன்று கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் நடந்தது அதுதான். ‘கால் ஆஃப் டியூட்டி’ இணைய விளையாட்டில் ஒன்றரை டாலர் பந்தயத்துக்காக இருவருக்குள் சண்டை. ஒருவர், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த டைலர் பாரிஸ் என்பவரை ஏவிவிட்டார். மற்றவரோ சவால் விட்டு, தான் முன்பு குடியிருந்த முகவரியைக் கொடுத்தார். ‘அப்பாவைச் சுட்டுவிட்டேன், அம்மாவையும் தம்பியையும் பிடித்து வைத்திருக்கிறேன்’ என்று பாரிஸ் போலீஸிடம் கதை கட்டினார். அந்த முகவரியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் ஆண்ட்ரூ ஃபின்ச், வயது 28. அந்தச் சண்டை பற்றி எதுவும் அறியாதவர்; கையில் ஆயுதமும் இல்லை. சில நொடிகளுக்குள் எதிர்ப்புறம் நின்ற காவலர் சுட்டுவிட்டார்.

கேள்வி: அழைப்பு வெளியூரிலிருந்து வந்ததென்று தெரியாதா?

பதில்: சந்தேகப்பட இடம் இருந்தது. அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினால், நாம் இருக்கும் பகுதியின் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். அதனால் பாரிஸ் விச்சிட்டா நகராட்சி அலுவலக எண்ணுக்குப் பேசினார். அங்கிருந்துதான் விஷயம் 911-க்குப் போனது. இப்படிச் சுற்றி வரும் அழைப்பில் பேசுபவரின் இருப்பிடம் திரையில் தெரியாது. உயிர் போகிற அவசரத்தில் ஒருவர் ஏன் 911-ஐ விட்டு அலுவலக எண்ணைத் தேடுகிறார் என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். வீடு எத்தனை மாடி, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு, களத்தில் நிற்பவர் பார்ப்பதோடு ஒப்பிட வேண்டும். பேசுபவர் இன்னும் இணைப்பில் இருக்கிறார், வாசலுக்கு வந்தவர் காதில் போன் இல்லை என்றால் இருவரும் ஒரே ஆளா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சந்தேகம் வயர்லெஸ்ஸில் களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2014-இல் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸ் போலீஸால் சுடப்பட்டபோது, அவன் கையில் இருப்பது ‘பொம்மைத் துப்பாக்கியாக இருக்கலாம்’ என்று அழைத்தவரே சொல்லியிருந்தார். அந்தச் செய்தி காவலர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

சியாட்டில் போலீஸ் 2018-இல் ஒரு வழி செய்தது: இலக்காகலாம் என்று அஞ்சுவோர் தம் முகவரியை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம்; அந்த முகவரிக்கு அழைப்பு வந்தால் எச்சரிக்கை தெரியும்.

கேள்வி: தண்டனை யாருக்கு?

பதில்: பாரிஸுக்கு 2019-இல் 20 ஆண்டு சிறை. அது சரியே. சுட்டவர் மீது குற்ற வழக்கே இல்லை. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், அந்தக் கணத்தில் காவலருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையே பார்க்கச் சொல்கிறது. ஆக, பாரிஸின் பொய்யே காவலருக்கு அரணாகிவிட்டது. இது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஃபின்ச் குடும்பத்தின் உரிமையியல் வழக்கில் மட்டும், வழக்கிலிருந்தே தப்பிக்கக் காவலர் கோரிய சட்ட விலக்கை 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. ஃபின்ச் பெயரில் கான்சஸ் 2018-இல் இயற்றிய சட்டமும் பொய் அழைப்புக்கான தண்டனையைத்தான் கூட்டியது.