துள்ளும் உப்பு, துள்ளும் படிகம்

அன்புள்ள ஐயா,

பேரனுக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட கல் உப்பு படபடவென்று வெடித்து வெளியே துள்ளி விழுந்தது. சூடு பட்டால் துள்ளும் படிகங்கள் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள அம்மா,

இரண்டும் வேறு. கடிதம் வந்த அன்று மாலையே இரும்புச் சட்டியில் ஒரு பிடி கல் உப்பை வறுத்துப் பார்த்தேன். உப்புக்கல் விளையும்போதே துளித்துளியாக உப்புநீரை உள்ளே அடைத்துக்கொள்கிறது. கல்லில் பால்போல் வெளுத்துத் தெரியும் இடங்களில் அதுதான் இருக்கும். சூடேறியதும் அந்த நீர் ஆவியாகி, கல்லை உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. சத்தம் அடங்கியபின் ஆறவைத்து மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அநேகமாக மூச்சே இல்லை. லென்ஸில் பார்த்தால் விளிம்பு உடைந்த சில்லுகள்.

துள்ளும் படிகத்துக்கு உள்ளே அடைபட்ட நீர் தேவையில்லை. அதில் மூலக்கூறுகள் அடுக்கி நிற்கும் விதமே மாறுகிறது. பல்லேடியம் என்ற உலோகம் கலந்த ஒரு சேர்மத்தில் இதைக் கண்டு 1983-இல் எட்டர், சீடில் என்ற வேதியியலாளர்கள் இருவரும் எழுதினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆக்ஸிட்ரோபியம் புரோமைடு. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக இருந்தது அது! 2010-இல் அதை ஆராய்ந்து எழுதியவர்கள், சூடாக்கும்போது அதன் அடுக்கு ஒரு திசையில் சுமார் 11 சதவீதம் நீள்வதையும் இன்னொரு திசையில் 7 சதவீதம்போலச் சுருங்குவதையும் கண்டார்கள்.

சரி, அதற்கு ஏன் துள்ள வேண்டும்? மழைக்காலத்தில் ஊதி இறுகிய மரக்கதவைத் தோளால் தள்ளிப் பாருங்கள். வெகுநேரம் அசையாது. அப்புறம் சட்டென்று விடும், நாமே உள்ளே போய் விழுவோம். பெரும்பாலான படிகங்களில் இந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து முடிந்துவிடும். இதிலோ இறுக்கம் சேர்ந்துகொண்டே போய், ஒரே நொடியில் மொத்த அடுக்கும் இடம் மாறுகிறது. அந்த உதையில் படிகம் சில சென்டிமீட்டர் எகிறுகிறது. பலமுறை முழுசாகவே வந்து விழுகிறது. குளிர்ந்தால் பழைய அடுக்குக்குத் திரும்பும், அப்போதும் துள்ளும். உப்பால் முடியாதது இது.

இதற்கு அடுப்புகூட வேண்டாம். 45 டிகிரி வாக்கில் துள்ளிவிடும். கத்திரி வெயிலில் நம்ம வேலூர்த் தகரக் கூரை அந்தச் சூட்டை மதியத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறது.