வாசகர் கேள்வி பதில்: ஆறைங்காதம், சைக்கிளில்

கேள்வி: ஐயா, நான் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலை. லயத்தில் இருந்த காலத்தில் பாட்டி கோவலன் கண்ணகி கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்வார். போன வருடம்தான் சிலப்பதிகாரத்தை உரையோடு முழுசாகப் படித்தேன். அதிலிருந்து பூம்புகாரில் தொடங்கி மதுரை வரை சைக்கிளில் போக வேண்டும் என்று ஒரே ஆசை. வார இறுதிகளில் பட்டர்வொர்த் வரை மிதித்துவிட்டுத் திரும்புவேன், அவ்வளவுதான் அனுபவம். அம்மா "பஸ் இருக்கும்போது எதுக்குடா?" என்கிறார். முடியுமா? எத்தனை நாள் ஆகும்? அவர்கள் நடந்த பாதையைச் சக்கரத்தில் கடப்பது சரிதானா?
ஒரு வாசகர், பீடோங்

பதில்: தம்பி, முடியும். பட்டர்வொர்த் போய்த் திரும்புகிற கால்களுக்கு அது பெரிய தூரமே இல்லை. பூம்புகார், மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, கல்லணை, ஸ்ரீரங்கம், உறையூர், அப்புறம் தெற்கே திரும்பிக் கொடும்பாளூர் வழியாக மதுரை என்று போனால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வேகமாக மிதிக்கிறவர்கள் மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். நீ அப்படிப் போகாதே என்றுதான் முதலில் சொல்வேன்.

ஏன் என்றால், சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் அதை எழுதிய இளங்கோ தெளிவாகவே சொல்கிறார்: அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு (காதம் என்பது பழைய தூர அளவு) மேல் போகவில்லை, அங்கங்கே பல நாள் தங்கித் தங்கித்தான் போனார்கள். வாழ்நாளில் தூரம் நடந்து பழகாத ஒரு பெண் கூட வருகிறாள், கால் நோகிறது. புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே மூச்சு வாங்க "மதுரை மூதூர் யாது" என்று கேட்கிறாள். கோவலன் முப்பது காதம் என்று சொல்லவில்லை. ஆறைங்காதம் என்கிறான், பக்கத்தில்தான் என்றும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறான். ஆறு பெருக்கல் ஐந்து என்று கணக்குப் போட்டால் முப்பதுதான் வரும், ஆனால் காதில் விழும்போது ஆறோ ஐந்தோ என்று சின்னதாகப் படும். அந்த ஒரு சொல்லில் அவனுடைய குற்ற உணர்வு, அவள் மேல் உள்ள அக்கறை எல்லாம் இருப்பதாக எனக்குத் தோன்றும். நான் அந்தப் பாதையில் போனபோது மயிலாடுதுறை தாண்டி ஒரு டீக்கடையில் "மதுரைக்கா? இன்னும் ரொம்ப தூரம் இருக்கே" என்று கடைக்காரர் சொன்னார், உடனே இந்த வரிதான் நினைவுக்கு வந்தது, உட்கார்ந்து இன்னொரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சக்கரத்தில் போவது சரியா என்று கேட்டாய். சரிதான். நம் தோட்டத்துச் சனங்களுக்குச் சைக்கிள் அந்நியப் பொருளா என்ன? என் அப்பா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டக் கிளம்பியதும் சைக்கிளில்தான், பால் வாளியைக் கட்டிக்கொண்டு திரும்பியதும் அதே சைக்கிளில்தான். காற்றும் வெயிலும் மேடும் உடம்பில் படுகிற வண்டி அது. காரில் போனால் பாதை தெரியும், பாட்டு தெரியாது.

பூம்புகாரிலிருந்து உறையூர் வரை சமநிலம், காவிரிக் கரையை ஒட்டிச் சின்னச் சாலைகள் உண்டு, பெரிய சாலைக்கு ஏறாமலே நிறைய தூரம் போய்விடலாம். ஆனால் ஒன்று. வெயில் காலத்தில் போனால் காவிரியில் தண்ணீரை எதிர்பார்க்காதே. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல்தான் திறக்கும், அதுவரை வெறும் மணல்தான். "நடந்தாய் வாழி காவேரி" என்று படித்துவிட்டு அந்த மணலைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உண்மையான பயணம் உறையூருக்குத் தெற்கேதான் தொடங்குகிறது. காடுகாண் காதையை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போ. அதில் மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான்: கொடும்பை என்ற ஊரின் குளக்கரையில் பாதை சிவன் கைச் சூலம் போல மூன்றாகப் பிரியும், வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமாலிருஞ்சோலை, நடுவில் ஒரு வழி. அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். விராலிமலையைத் தாண்டி இருக்கிறது, அங்கே மூவர் கோயில் என்ற பழைய சோழர் காலக் கற்கோயில் உண்டு, ஒரு பிற்பகல் முழுக்க அங்கேயே இரு. பிறகு துவரங்குறிச்சியில் நெடுஞ்சாலையை விட்டு நத்தம் பக்கம் திரும்பு. நத்தத்திலிருந்து மதுரைக்கு இறங்கும்போது வலது கைப்பக்கம் சிறுமலை, இடது கைப்பக்கம் அழகர்மலை, அழகர்மலைதான் அந்தத் திருமாலிருஞ்சோலை. நீ நடுவில் போய்க்கொண்டிருப்பாய்! அவர்களுடைய காலடி இதே மண்ணில்தான் பட்டது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அந்த மறையோன் சொன்ன நிலம் இன்னும் அப்படியே இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம்.

அந்தப் பக்கமெல்லாம் சீமைக் கருவேல முள். ஒரே காலையில் எனக்கு இரண்டு முறை பஞ்சர். அகலமான டயர் போடு, மூன்று டியூபாவது எடுத்துக்கொள், ஒட்டும் சாமானும் கைப்பம்பும் பையின் மேலேயே இருக்கட்டும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கே நேர் விமானம் இருக்கிறது; பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகலாம், கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில். சாலையில் இடப்பக்கம்தான், நம் ஊர் மாதிரியே. நூலைச் சுமக்க வேண்டாம், மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியில் ஏற்றிக்கொள். உ.வே.சா. 1892ல் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது இன்று சட்டைப் பையில் அடங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மதுரையோடு நின்றுவிடாதே. எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். கண்ணகி நிற்கவில்லையே. எல்லாவற்றையும் இழந்த பிறகு வைகையின் ஒரு கரையைப் பிடித்து மேற்கே தனியாக நடக்கிறாள், பள்ளம் பள்ளமாகத் தெரியவில்லை, மேடு மேடாகத் தெரியவில்லை என்று எழுதுகிறார் இளங்கோ. ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சிரைக்க ஏறும்போது அந்த வரி புரியும், அவள் எவ்வளவு துயரத்தில் இருந்திருந்தால் மேடே தெரியாமல் போயிருக்கும் என்று. அப்புறம் தேனி, சின்னமனூர், திராட்சைத் தோட்டங்கள் நடுவே கம்பம், கூடலூர். மதுரையிலிருந்து குமுளிக்கு இன்னும் 140 கிலோமீட்டர் போல வரும். அங்கே மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில். அடர்ந்த காடு, புலிகள் காப்பகம், ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று பகலில் மட்டும்தான் விடுவார்கள். குமுளிப் பக்கமிருந்து ஜீப் போகும், கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறலாம். சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நட, கடைசித் தூரமாவது அவளைப் போல.

அப்படியென்றால் சித்திரை வெயிலில்தான் போக வேண்டும். கஷ்டம்தான். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று இளங்கோ சொல்லும் அந்தப் பருவம். அவர்களே பாண்டிய நாட்டுக்குள் பகலை விட்டுவிட்டு நிலா வெளிச்சத்தில்தான் நடந்தார்கள். நீயும் நல்ல விளக்கோடு காலை நான்கு மணிக்குக் கிளம்பு, ஒன்பதுக்கெல்லாம் நிழலுக்குப் போய்விடு. பௌர்ணமிக்கு முந்தைய இரண்டு விடியற்காலைகளில் மேற்கே போகிற உனக்கு நிலா நேர் எதிரே இருக்கும். மொத்தம் 14 நாள் விடுப்பு கேள். கண்ணகி மதுரையை விட்டு நடந்ததும் 14 நாள்தான்.

அம்மாவிடம் ஆறைங்காதம் என்று சொல்லிவிட்டுப் போ. ஆனால் தினமும் இரவு போன் பண்ணு.

கேள்வி: பெண்கள் இப்படிப் போகலாமா? எனக்கு 34 வயது, துணைக்கு யாரும் இல்லை.
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போகலாம் அம்மா, ஆனால் தனியாக வேண்டாம் என்பது என் கருத்து. கோவலனும் கண்ணகியும்கூட இரண்டு பேராக மட்டும் போகவில்லை, வழியில் கவுந்தியடிகள் சேர்ந்துகொண்டார், வயதான சமணத் துறவி, மதுரை எல்லை வரை அந்த இருவருக்கும் காவல் அவர்தான். இரண்டு மூன்று பெண்களாகச் சேருங்கள், இருட்டில் மிதிக்காமல் விடிந்த பிறகு கிளம்புங்கள், இரவுத் தங்கல் கும்பகோணம், திருச்சி போன்ற பெரிய ஊர்களிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, நான் படிவம் 5 மாணவன். தமிழ்நாடு போக வீட்டில் வசதி இல்லை. நம் நாட்டிலேயே இப்படிப் பழைய இலக்கியத்தோடு தொடர்புள்ள சைக்கிள் பாதை ஏதாவது உண்டா?
ஒரு மாணவர், குரூண்

பதில்: நீ அந்தப் பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாய் தம்பி. பட்டினப்பாலை என்ற சங்கப் பாட்டைக் கேள்விப்பட்டிருப்பாய், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றி. மேலே ஒரு அண்ணன் புறப்படப் போகிறாரே, அதே ஊர். அந்தத் துறைமுகத் தெருவில் வந்து குவிந்த பொருள்களை வரிசையாகச் சொல்லும்போது "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்கிறார். காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். கடாரம் என்றால் நம் கெடா.

ஆக, குரூணிலிருந்து ஜெராய் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு பீடோங் வந்து, செமிலிங் வழியாக மெர்போக் போ. அங்கே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் அதன் பின்னால் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளமும் இருக்கின்றன. கடலில் வந்த கப்பல்காரர்களுக்கு அடையாளம் காட்டியது இந்த 1,217 மீட்டர் ஜெராய் மலைதான், நீ தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கிற அதே மலை. வழி நெடுக செம்பனையும் மிச்சம் மீதி ரப்பரும்தான், லாரிகள் வரும், ஓரமாகப் போ, தலைக்கவசம் போடு, ஒரு நண்பனைக் கூட்டிக்கொள். பட்டினப்பாலையில் அந்தத் துறைமுகப் பகுதியை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல் படியில் உட்கார்ந்து சத்தமாகப் படி. போய் வந்ததும் எனக்கு எழுது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று.