ஜெலட்டின் ஃபிலிம் பிளாஸ்டிக் கவருக்கு மாற்றா வருமா?

முழுசா வராதுங்க. காலேஜ் ப்ராஜெக்டுக்காக இதோட மல்லுக்கட்டுனவன்கிற உரிமைல சொல்றேன், பொருள் பாத்து போட்டா அருமையா இருக்கும், கண்டதுக்கும் போட்டா காலை வாரிடும்.

செய்யுறது பெரிய வித்தை இல்ல. மாடு, பன்னி, மீனோட தோல் எலும்புல இருக்க கொலாஜன்ங்கிற புரதத்துல இருந்து வர்றதுதான் ஜெலட்டின், அந்தப் பவுடர 100 மில்லி தண்ணிக்கு 5 கிராம்னு ஊறப்போட்டு, 50-60 டிகிரில சூடுபண்ணி, கிளிசரின் சேத்து, தட்டையான தட்டுல ஊத்தி காய விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல மெல்லிசான தாளா உரிச்சு எடுத்துரலாம், அதுதான் ஃபிலிம். முதல் தடவ கிளிசரின் போட மறந்துட்டேன், ஓரமெல்லாம் சுருண்டு, விரல் வச்சதும் சருகு மாதிரி நொறுங்கிருச்சு. அடுத்த தடவ பயத்துல அள்ளி ஊத்துனேன், பிசுபிசுன்னு கைல ஒட்டுச்சு. ஜெலட்டின் எடைல கால் பங்குன்னு வச்சப்பதான் மடக்குனா மடங்குச்சு. புரதச் சங்கிலிங்க ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும், கிளிசரின் நடுவுல பூந்து அந்தப் பிடிய தளத்தும், ஆனா அதுவே ஈரத்தையும் இழுக்கும், அங்கதான் வில்லங்கம்.

காத்து விஷயத்துல இது கில்லாடி. ஈரம் இல்லாத வரைக்கும் ஆக்சிஜன பாலித்தீன விட நல்லாவே தடுக்கும், அதனால நட்ஸ் மாதிரி எண்ணெய் உள்ளது சிக்கு வாடை அடிக்கிறது தள்ளிப்போகும். தண்ணின்னா அவ்ளோதான். வெட்டுன ஆப்பிள் மேல போத்திட்டுப் போனேன், காலைல வந்து பாத்தா ஃபிலிம காணோம், வழவழன்னு கூழ்தான் இருந்துச்சு. மாத்திரை கேப்ஸ்யூல ஈரக் கையால தொட்டா ஒட்டும்ல, அதே சரக்குதான இது.

இதுக்கு வழி இல்லாம இல்ல. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்சைம், இல்ல செடில இருந்து எடுக்குற ஜெனிபின் போட்டு சங்கிலிங்களுக்கு முடிச்சு போடலாம், தண்ணில கரையுறது கொறையும். குளூட்டரால்டிஹைடுங்கிற ரசாயனமும் நல்லா பிணைக்கும், ஆனா நச்சு, சாப்பாட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க. தேன்மெழுகு கலந்தா ஈரம் ஊடுருவுறது கொறையும், கண்ணாடியா இருந்தது மங்கிரும். கிராம்பு எண்ணெய் கிருமிய அடக்கும், கூடவே உள்ள இருக்குறதுக்கும் கிராம்பு வாடை ஏறிடும் (அந்த வாரம் என் பை, நோட்டு எல்லாமே அதே வாடை). இன்னொண்ணு, இவ்ளோ முடிச்சு போட்டா மண்ணுல மக்குறதும் மெதுவாகும், ஏன்னா நுண்ணுயிருங்களுக்கும் அந்த முடிச்ச அவுக்க நேரமாகும்ல.

என்னக் கேட்டா கரையுறத குறையா பாக்காம அதையே வேலைக்கு வச்சுக்கலாம். சூப் பொடிய இதுல சின்ன பாக்கெட்டா ஒட்டிட்டா, பிரிக்காம அப்படியே கொதிக்கிற தண்ணில போட்டுரலாம், கவரும் சேந்து கரைஞ்சு வயித்துக்குள்ள போயிரும். ஈரம் படாம இருக்க வெளில ஒரு டப்பா மட்டும் வேணும். ஆனா எந்த மிருகத்துல எடுத்த ஜெலட்டின்னு அதுமேல கண்டிப்பா எழுதணும், சைவக்காரங்க தெரியாம குடிச்சுட்டா பாவம்.