வாரியம் போய்க் கழகம் வந்தால் குத்தகைப் பத்திரம் செல்லுமா?

கேள்வி: 2008-ல் எழுதிய ஐஸ் பிளான்ட் குத்தகைப் பத்திரத்தில் 'தமிழ்நாடு மின்சார வாரியம்' என்று பல இடங்களில் வருகிறது. எல்லாவற்றிலும் புதுப்பெயரைப் போட்டுவிடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: பெயர் மாறியதால் மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது. ஆனால் ஒரே பெயரை எங்கும் போடுவது தவறு. வாரியத்தின் வேலைகள் 1.11.2010 முதல் பிரிந்துவிட்டன. விநியோகம் டான்ஜெட்கோவுக்கு (தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம்) போனது. 2024 முதல் விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது. உயரழுத்தத் தொடரமைப்பு, அதாவது மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் வேலை, டான்டிரான்ஸ்கோவிடம் (தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம்). எனவே இனி வரப்போகும் பில், இணைப்பு, டெபாசிட் பற்றிய இடங்களில் பகிர்மானக் கழகம் என்று எழுதுங்கள். 'வாரியம் நிர்ணயிக்கும் கட்டணம்' என்றிருந்தால் அங்கே மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் வர வேண்டும். 'வாரியத்திடம் கட்டிய முன்வைப்புத் தொகை (டெபாசிட்)' போன்ற முடிந்துபோன விவரத்தைத் தொடவே தொடாதீர்கள். பழைய ரசீதோடு பொருந்தாமல் போய்விடும்.

மூலப் பத்திரத்தில் அடித்துத் திருத்த வேண்டாம். மூலத்தோடு இணைத்து வைக்கும் துணைப் பத்திரம் ஒன்றில் இந்த மாற்றங்களை எழுதி, புதுப்பெயருக்குப் பின் 'அல்லது அப்பணியைச் சட்டப்படி ஏற்கும் அமைப்பு' என்று சேருங்கள். மின் இணைப்பு எண்ணையும் குறிப்பிடுங்கள். மூலம் பதிவானதென்றால் இதையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு.